அவத்தை வித்தியாசம்

திரையில் அறுநூறு பிசிர்கள்.
ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாய்க் கூறிட்டால்
அதில் ஏழு கூறுதான் ஒவ்வொன்றின் உயரமும்.
அடியில் நீர், மேலே சீதம்,
அதற்கும் மேலே
நான் இன்னும் எழுதி முடிக்காத மூச்சு.

முதல் இரவு எல்லாவற்றையும்
ஒரே கணத்தில் வீசச் சொன்னேன்.
சீதம் போனது, வந்தது, போனது, வந்தது.
சுபஹு பாங்குவரை ஓடவிட்டும்
வைத்த புள்ளி வைத்த இடத்தில்
ஏறக்குறைய அப்படியே.

பிழை பிடிபட்டது
சம்மாந்துறை மில்வாசலில்.
லொறியிலிருந்து ஆறுபேர் மூட்டை கைமாற்றுகிறார்கள்.
எல்லாரும் ஒன்றாய்த் திரும்பினால்
வாங்கக் கையிருக்காது.
ஒருவன் திரும்பி முடிக்கையில்
அடுத்தவன் தொடங்க வேண்டும்.
கணக்கில் இதற்குப் பெயர் அவத்தை வித்தியாசம் என்றேன்.
"ஆருக்குப் புள்ள அவத்தை?"
என்றார் இப்றாலெவ்வை,
இருபத்திரண்டு வருசம் உமித்தூசிக்குள் நின்றவர்.

அவருடைய மூக்கில் தூரிகை விட்டுத்தான்
கலங்களை வருடி எடுத்திருந்தோம்.
தும்மிவிட்டார்.
மன்னிப்புக் கேட்டார்,
என்னிடமல்ல, நுணுக்குக்காட்டியிடம்.

அன்றிரவு ஒவ்வொரு பிசிருக்கும்
முந்தியதைவிட ஒரு துளி தாமதம் கொடுத்தேன்.
புள்ளி நகர்ந்தது.
நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீற்றர்,
வாதனாளியில் மேல்நோக்கி,
தலைமைக்கு ஒருவருமில்லாமல்.
தனியறையில் நான்
கதிரையை விட்டு எழும்பி நின்றேன்.

பிறகு அவருடைய எண்கள்.
செக்கனுக்குப் பதினொன்று அடிக்கவேண்டியது ஏழு.
பிசுக்குமை நாலு மடங்கு.
இடையிடையே
பிசிர் உதிர்ந்த வழுக்கைத் திட்டுகள்.

திட்டின் கரைக்கு வந்த புள்ளி
சுற்றியது. நின்றது.
கொஞ்சம் சுற்றியது.

பார்க்க வந்தார்.
"இதுல நான் எங்க நிக்கன்?"
விரலால் தொட்டுக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்,
"ஓ, கைமாத்த ஆளில்லாத இடம்" என்றார்,
என் இரண்டு வருசத்தை ஒரே வரியில்.

அப்போதுதான் இருமினார்.
இருமல் என் மாதிரியில் இல்லை.
அதற்கு வேறு சமன்பாடு, வேறு வேகம்,
பிசிர்கள் கைவிட்டதைக்
காற்று வந்து பிய்த்தெடுக்கும் கணக்கு.
எழுதவில்லை. நேரமில்லை என்று
அறிக்கையில் ஒரு வசனம் போட்டிருந்தேன்.

மில் சங்கு ஊதியது.
லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு
படியிறங்கிப் போனார்.

திரையில் தெறித்திருந்ததைத்
துணியால் ஒற்றினேன்.
அடியில் அவை வீசிக்கொண்டேயிருந்தன,
செக்கனுக்கு ஏழு.