இந்தப் பக்கம் மேலே

பதினோரு வருடமாகப் பெட்டி தூக்குகிறேன்.
ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கிரைண்டர்.
எந்த மூலையில் கை கொடுத்தால் முதுகு தப்பிக்கும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
ஒரு பெட்டியை வரையத் தெரியவில்லை.

ஆரம்பித்தது முத்தியால்பேட்டையில்.
மூன்றாவது மாடி, ஆள் ஒருக்களித்து ஏறும் படிக்கட்டு,
இரண்டு கதவு ஃப்ரிட்ஜ்.
எப்படித் திருப்பினால் போகும் என்று
கிழிந்த அட்டையில் பேனாவால் போட்டுக் காட்டினேன்.
பெட்டியில் இருப்பதுபோல் என் படத்தில் அம்பு இல்லை;
வீட்டுக்காரர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
அந்துவான் எட்டிப் பார்த்து,
"என்னடா இது, நசுங்கின சவப்பெட்டியா?" என்றான்.
ஃப்ரிட்ஜ் திரும்பி வந்தது. டீசல் காசு என் கணக்கில்.

அன்றிரவு போனில் ஒருவன் சொல்லிக்கொடுத்தான்:
ஒரு கோடு, அதன்மேல் இரண்டு புள்ளி,
விளிம்பெல்லாம் புள்ளிக்கு ஓடட்டும்.
பதினெட்டு நொடியில் அவனுக்கு ஓர் ஊரே எழும்பியது.
எனக்கு எழும்பியது லாரி ஏறின தகர டப்பா.

நூறு பெட்டி போடு, பிறகு பேசு என்றான் போன்காரன்.
போட்டேன், டெலிவரி சலானின் முதுகில்.
ஒவ்வொன்றுக்கும் கீழே நம்பர், மேலே அம்பு.
கோடவுன் பழக்கம்.
ஏழாம் நம்பர் மல்லாந்து படுத்தது.
இருபத்திரண்டின் முன்மூலை
மூக்கை நீட்டி என்னைக் குத்த வந்தது.
நாற்பதில் ஸ்கேலை உடைத்தேன்.
நாற்பத்தொன்றை அரை ஸ்கேலால் போட்டேன்,
கோபம் ஆறியதால் அல்ல.
ஐப்பசி மழை. மேட்டுப்பாளையத்தில் லோடு சிக்கிக் கிடந்தது.
வேறு வேலை இல்லை.

பிறகு பத்து நாள் தொடவில்லை.
கை சும்மா இருந்தது, கண் இல்லை.
புஸ்ஸி வீதியில் டெம்போவின் பின்னால் நின்று போகும்போது
மாடி வரிசை, கேபிள் ஒயர், சாக்கடை விளிம்பு
எல்லாம் ஒரே இடத்துக்குச் சரிவதைப் பார்த்தேன்.
தெருமுனையில் கடல், ஸ்கேல் வைத்து இழுத்தது போல.
வண்டிமேல் நின்றால் அந்தக் கோடு
கடலைவண்டிக்காரர் தலைக்கு மேலே.
இறங்கினேன், அவர் கண்ணுக்கு இறங்கியது.
குந்தினேன், இடுப்பு பெல்ட்டுக்கு.
அவ்வளவு பெரிய கடல்
என்னோடு சேர்ந்து குந்தும் என்று யாரும் சொல்லவில்லை.
போன்காரன் சொன்னான்தான். எனக்கு ஏறவில்லை.

எண்பத்தாறில் பிடிபட்டது.
இரண்டு புள்ளியையும் சலானுக்குள்ளேயே
அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.
பெட்டி மூக்கை நீட்டாமல் என்ன செய்யும்?
கோடவுன் தரையில் அட்டைகளை விரித்து
நடுவில் சலானை பேக்கிங் டேப்பால் ஒட்டினேன்.
இடது புள்ளிக்கு ஓர் ஆணி, பேப்பரைத் தாண்டி மூன்றடி.
வலது ஆணி ஷட்டர் ஓரம்.
இரண்டிலும் பார்சல் சணலைக் கட்டி இழுத்தேன்.
சணல் போன வழியில் பென்சில் போனது.
பெட்டி உட்கார்ந்தது.
கனமாக.
தூக்க இன்னோர் ஆள் வேண்டும்போல.

எண்பத்தேழு மறுபடியும் தகர டப்பா.

போன வாரம் லாஸ்பேட்டை. மறுபடி மூன்றாவது மாடி,
மறுபடி இரண்டு கதவு.
ஸ்கேல் இல்லை, சணல் இல்லை.
எதிர்வீட்டுச் சுவரில் ஓரிடத்தில்
கண்ணாலேயே ஆணி அடித்துக்கொண்டு போட்டேன்:
படித் திருப்பம், கைப்பிடி, சாய்த்த ஃப்ரிட்ஜ்.
அம்பு போட மறந்துவிட்டேன்.
வீட்டுக்கார அம்மா வாங்கிப் பார்த்தார்.
நேராகத்தான் பிடித்திருந்தார்.
"அப்போ கிரில் கதவைக் கழட்டணும்" என்றார்.
ஸ்க்ரூடிரைவர் எடுக்க உள்ளே போனார்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அந்துவானும் பேசவில்லை,
வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளை எண்ணினான்.

இறங்கி வரும்போது அட்டை செருப்புகளுக்கு நடுவில் கிடந்தது.
வலது பக்கக் கோடு ஒன்று கொஞ்சம் விலகியிருந்தது.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
இன்னும் நம்பர் போடவில்லை.