இருபது மில்லிமீட்டர்

வண்டியை மூன்று அங்குலம் தூக்கியபோது
எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள்.
அடியில், பின்னச்சுக்குப் போகும் தண்டு
எவ்வளவு சரிந்துவிட்டதென்று
நானும்தான் குனிந்து பார்க்கவில்லை.

எண்பதைத் தொட்டதும் தொடங்கும்.
முதலில் கியர்க்கம்பியில் ஒரு கூச்சம்,
பிறகு இருக்கை,
பிறகு கண்ணாடிக்குள் பின்தொடரும் லாரி
இரண்டு லாரியாகும்.
பல்லில் அடைத்தது கழன்றுவிடும் என்று
சிலேத்தார் விரைவுச்சாலை முழுக்கக்
கன்னத்தைப் பிடித்தபடி வருவாள்
மெஹருன்னிசா.

கோத்தா திங்கியில், செம்பனைகளுக்கு நடுவே,
சேற்றிலிருந்து ஏறும்போது
மூட்டு உடைந்தது.
டக்.
அவ்வளவுதான் சத்தம்.
தண்டைக் கழற்றிப் பின்னால் போட்டோம்.
முன்சக்கரங்கள் மட்டும் இழுக்க
அறுபதிலேயே ஊர்ந்து வந்தோம் உட்லண்ட்ஸ் வரை.
சோதனைச்சாவடியில் அதிகாரி கேட்டார்:
'என்ன இது?'
'இந்த வண்டியில் இருந்தது.'
'இது இல்லாமல் எப்படி ஓடுகிறது?'
மெஹருன்னிசா சொன்னாள்:
'சத்தமில்லாமல், சார்.'

புதியது இரட்டை மூட்டு.
ஒன்று படும் பாட்டை
இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும்.
(தண்டைத்தான் சொல்கிறேன்.)
காக்கி புக்கிட் பட்டறையில்
கெங் ஹுவாட் சாப்பிடப் போயிருந்த நேரம்
நானே அளந்து, நானே எழுதி அனுப்பினேன்.
ஆறு வாரம் கழித்து
பெர்த்திலிருந்து வந்தது நீளப் பெட்டி.
இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி.
இருபது மில்லிமீட்டர் அதிகம்.

'வண்டி மேலே தொங்கும்போதா அளந்தாய்?'
'ஆமாம்.'
கெங் ஹுவாட் கோப்பிப் பையின் கயிற்றை
விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.
'சக்கரம் தரையில் நிற்கணும் லா.
தொட்டி நிறைய பெட்ரோல்,
உன் கூடாரம், உன் குண்டுச் சட்டி, உன் கூட்டாளி,
எல்லாம் ஏற்றி அளக்கணும்.'

டெஃபுவில் கடைசல்காரர் ஒருவர்
அறுத்து, பற்றவைத்து, சுழற்றி
எடை சரிபார்த்துக் கொடுத்தார்.
ரெஜாவுல் அடியில் படுத்து,
பின்னச்சின் மூக்கை நிமிர்த்தி,
எட்டு போல்ட்டையும் முறுக்கிவிட்டு
வெள்ளைப் பெயின்ட்டால் ஒவ்வொன்றுக்கும்
ஒரு கோடு இழுத்தான்.

பில் எழுதும்போதுதான் கேட்டார் கெங் ஹுவாட்:
'உரிமைச் சான்றிதழ் எப்போது முடிகிறது?'
பதினோரு மாதம், என்றேன்.
அதன்பின் இது இரும்புக் கடைக்கு;
இல்லை, கப்பலேறி
நான் பார்க்காத ஏதோ ஒரு சேற்றுக்கு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கிரீஸுக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

அன்றிரவு விரைவுச்சாலை.
எழுபது. எண்பது. தொண்ணூறு.
கண்ணாடிக்குள் ஒரே ஒரு லாரி.
மெஹருன்னிசா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.
பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல்
கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

அப்போது கேட்டது,
இத்தனை நாள் அதிர்வுக்கு அடியில் கிடந்தது:
கதவுப் பையில்
ஏதோ உருண்டு, நின்று, உருண்டது.
கைவிட்டு எடுத்தாள்.
ஒரு நட்டு. சுண்டுவிரல் நகத்தளவு.
கோடும் இல்லை, துருவும் இல்லை.

'இது எதனுடையது?'

எனக்குத் தெரியவில்லை.
அடுத்த வழியில் இறங்கினோம்.