வரிசை 114

தார்த்துவில் பிப்ரவரி.
மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
பழைய கோப்புகளை அட்டவணைக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்துக்குப் போகும் தமனி
சிலருக்கு ஏன் சுருங்குகிறது,
சிலருக்கு ஏன் இல்லை.
இருநூற்று ஆறு பேர். ஆளுக்குப் பத்தொன்பது கட்டங்கள்.

வரிசை 114. ஹெல்துர் பார்தெல், பேருந்து ஓட்டுநர்.
பெயரை எழுதக் கூடாது, எண் மட்டும்தான்.
ஆனால் ஸ்கேன் அறையில் அவர் அடிவயிற்றில்
குளிர்ந்த களிம்பைத் தடவியவள் நான்.

கொடுத்தவரின் வயது: அறுபத்து மூன்று.
பனிக்கட்டிக்குள் இருந்த நேரம்: பதினேழு மணி.
அன்று தாலின் சாலையைப் பனிப்புயல் மூடியிருந்தது;
புயலுக்குக் கட்டம் இல்லை, மணிக்கணக்குக்குத்தான் உண்டு.
முதல் வாரம் சிறுநீரகம் விழிக்கவில்லை: ஆம்.
வைரஸ் தொற்று: மூன்றாம் மாதம்.
உடல் நிராகரித்தது: ஒருமுறை, லேசாக.
புகைப்பழக்கம்?
"மனைவி தூங்கிய பிறகு. பால்கனியில். பாதி."
கட்டத்துக்குள் ஒன்று போகும், அல்லது பூஜ்யம்.
ஒன்று போட்டேன்.

நான்கு மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தம்.
ஐந்தாவதைச் சேர்த்ததும் கிரியாட்டினின் எகிறியது,
அப்புறம்தான் என்னிடம் அனுப்பினார்கள்.
நல்ல தமனி டாப்ளரில் துணி உரசுவதுபோல் பேசும்.
இது கதவிடுக்கில் காற்று.
எமாயொகி ஆறு பாலத்தூண்களுக்கு நடுவே ஒடுங்கும்போது
வேகம் மட்டும் கூடுமே, அப்படி.
"நான் என்ன தப்பு செய்தேன்?" என்றார் ஹெல்துர்.
திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது: விநாடிக்கு நாலு மீட்டர்.
"மூச்சைப் பிடியுங்கள்" என்றேன்.

வரிசை 115, ஈல்மே.
இருபது வருடச் சர்க்கரை. பத்தொன்பது மணிநேரப் பனி.
புகை: ஒளிவுமறைவில்லாமல், நாளுக்கொரு பெட்டி.
தமனி சுத்தம். ஏழு வருடமாகச் சுத்தம்.
காரணி வேறு, காரணம் வேறு என்பார் எங்கள் பேராசிரியர்,
தேநீரில் ரொட்டியை நனைத்தபடி.

காக்கும் காரணிகளின் பக்கத்தில்
உயிருள்ளவர் கொடுத்தது, கொழுப்பு மாத்திரை,
பிறகு ஒரு நகக்கண் அளவுத் திசு:
தமனியை மொட்டையாக நறுக்காமல்
அது கிளைக்கும் பெருந்தமனிச் சுவரையும்
சட்டைக் காலர்போல் சேர்த்தெடுத்தால்
தையல் அகலமாக விழும்.
ஈல்மேயின் குறிப்பில் அந்த வரி இருக்கிறது.
அதிகாலை மூன்று நாற்பது. கையெழுத்து புரியவில்லை.
ஹெல்துருடையதில் அந்த இடம் காலி.
எடுக்கவில்லையா, எடுத்தும் எழுத மறந்தார்களா?
யாரைக் கேட்பது, அந்த இரவில் தூங்காதவர்களில்?

நேற்று ஏழாம் எண் பேருந்தில் ஏறினேன்.
ஸ்டென்ட் வைத்துப் பதினோரு மாதம்.
கண்ணாடியில் என்னைக் கண்டுகொண்டு
இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய், எடுத்து,
காற்றில் எதையோ நசுக்கி அணைத்துக் காட்டினார்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

இன்று காலை 114-ஐத் திறந்து
அந்த ஒன்றை அழித்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரும்பவும் போட்டேன்.
அப்போது புகைத்தார்தானே.