வாய் மட்டும் வெளியே

மே மாதத்துப் பெருவற்று.
ரோஸ்காஃப் கரையை விட்டுக் கடல்
வெகுதூரம் இறங்கிப் போயிருந்தது.
அஸெனோர் காதுச்சிப்பி தேடி வந்தவள்.
ஒன்பது சென்டிமீட்டர் அளவுகோல், ஒரு கொக்கி,
கணவனின் பழைய ரப்பர் பூட்ஸ்.
புரட்டிய கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும்,
அந்தக் கரையின் சட்டம் அது.

ஏழாவது கல்லின் அடிவயிற்றில்
காதுச்சிப்பி இல்லை.
ஊதா நிறத்தில் ஒரு சவ்வு,
சவ்வு நிறைய மஞ்சள் பூக்கள்.
ஒவ்வொரு இதழும் தனித்தனி உயிர்;
நடுவில் எல்லோருக்கும் ஒரே வாசல்.

அதன் மேல் ஒரு சோழி.
தாயம் உருட்டுவோமே, அதில் பாதிகூட இல்லை;
முதுகில் மூன்று மைப்புள்ளி.
சவ்வைக் கடித்துத் தின்றிருக்கிறது.
தின்ற குழியில் முட்டைக் குடுவையை இறக்கி
ஒற்றைப் பாதத்தால் அமுக்கியிருக்கிறது.
கழுத்து மட்டும் வெளியே,
அடுப்பே இல்லாத ஊரின் புகைபோக்கி மாதிரி.

காக்கைக் கூட்டுக் குயில் என்று சொல்லத் தோன்றும்.
குயிலுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.
காக்கையின் விலாவிலா அது முட்டை வைக்கிறது?
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்;
இங்கே உண்டதே வீட்டைத்தான்.

பூக்கள் விலகவில்லை. விலக அவற்றுக்குக் கால் இல்லை.
குடுவையைச் சுற்றிச் சதை மெல்ல வளர்ந்து
இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.
அன்பாக இருக்கலாம்.
காயம் ஆறுகிற வழியே அதுவாகவும் இருக்கலாம்.
சில வாரங்களில் நூற்றுக்கணக்கான பேர்
அந்தக் கழுத்து வழியே நீந்திப் போவார்கள்,
விடைபெறாமல்.

"அஸெனோர்! தண்ணி ஏறுது!"
பாறைக்கு அப்பாலிருந்து கூல்வென்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
ஒரு குடுவையின் வாயைச் சுண்டுவிரலால் தொட்டாள்.
பிறகு, ஏனோ,
சட்டைக்குள் கைவிட்டு
வலது காரையெலும்புக்குக் கீழே
மருந்து ஏற்றுவதற்காக பிப்ரவரியில்
பிரெஸ்ட் ஆஸ்பத்திரியில் புதைத்த
அந்தச் சின்ன மேட்டைத் தொட்டாள்.
அதைச் சுற்றியும் சதை வளர்ந்துவிட்டது.
ஈர விரல். சில்லென்றது.

கல்லைத் திருப்பி வைத்தாள்.
சரியாக உட்காரவில்லை.
மறுபடி தூக்கி, எந்தப் பக்கம் பாசி என்று பார்த்து,
பழைய பள்ளத்திலேயே பொருத்தினாள்.
அதற்குள் முழங்கால் வரை நீர்.

கூடையில் இரண்டே சிப்பி.
வியாழனுக்குள் சமைத்துவிட வேண்டும்.
வியாழன் ஊசிக்குப் பிறகு
எதுவும் ருசிக்காது.