வலப்பக்கம்

கிருபைராசா அண்ணை தொலைபேசியில் சொன்னார்:
"வடிவைப் பாக்காதை பிள்ளை, கிளச்சைப் பார்."
ஆனால் வடிவுதான் முதலில் வந்து நின்றது,
பேர்ன் நகரத்தில், பிரைட்டன்ரைன் சந்தொன்றின் நீலக்கோட்டுக்குள்,
இரண்டு சைக்கிளுக்கும் ஒரு குப்பைப் பெட்டிக்கும் நடுவே:
பால்மஞ்சள் உடம்பு, கோப்பி நிறக் கூரை,
இப்போதுதான் நித்திரையால் எழும்பியதுபோல்
வட்டமாய் விழித்த இரண்டு முன்விளக்குகள்.
ஒன்பது வயது. எழுபத்தோராயிரம் கிலோமீட்டர்.
இத்தாலியக்காரன் செய்தது.
செய்து முடித்த பிறகுதான்
பின்னால் ஆட்களும் இருப்பார்கள் என்று
யாரோ அவனுக்கு ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும்.

தானமாய் வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பார்க்கக் கூடாது.
நான் கொடுக்கப் போவது நாலாயிரத்து எண்ணூறு பிராங்க்.
பல்லைப் பார்த்தேன். சுழியும் பார்த்தேன்.
குந்தியிருந்து டயர்ப் பள்ளத்தில் நாணயம் விட்டேன்,
எண்ணெய்க் குச்சியைத் துடைத்து மணந்தேன்,
கதவடி ரப்பரை நகத்தால் கிளப்பித் துருவைத் தேடினேன்.

எனக்கு ஒரு நாளைக்குப் பதினொரு வீடு.
ஊசி, இறுக்கக் காலுறை, புண் கட்டு, மாத்திரைப் பெட்டி.
ஒவ்வொரு வாசலிலும்
யாரோ விட்டுப்போன முழ இடத்துக்குள்
நுழைந்து நிற்க வேண்டும்.
அதனால் வேலையிடத்திலிருந்து
முதியோர் நடைவண்டி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன்,
மடித்துப் பின்பெட்டிக்குள் வைத்துப் பார்க்க.
நேராய்ப் போகவில்லை. சரித்தும் போகவில்லை.
பின்சீட்டில் ஒன்றை மடக்கிய பிறகு
முனகிக்கொண்டு போனது.
"அது யாருக்கு?" என்றார் திருமதி ஸ்டுக்கி,
கொஞ்சம் அவசரமாய்.
"வேலைக்கு" என்றேன்.

ஓட்டிப் பார்த்தேன், அவர் பக்கத்தில்.
ஆர்கவர்ஸ்டால்டன் இறக்கத்தில்
பிரேக் சொன்னதைக் கேட்டது.
பாலம் தாண்டி, கல்லுப் பதித்த பழைய தெருவில்
பின்னால் எங்கோ ஒரு கரண்டி
தன் கிண்ணத்தைத் தேடிக்கொண்டே வந்தது.
தோசைக்கல் அளவு இடத்தில் திரும்பினோம்.
ஏற்றத்தின் பாதியில் சிவப்பு விளக்கு,
கண்ணாடி நிறைய ஒரு பஸ்.
கிளச் மிக உயரத்தில்தான் பிடித்தது.
ஆனால் பிடித்தது.
ஒரு சாண் கூடப் பின்னுக்குப் போகவில்லை.

கீறல்களை அதற்குப் பிறகுதான் எண்ணினேன்.
இடப்பக்கம் ஒன்றுமில்லை.
வலப்பக்கம் ஐந்து.
இந்த நாட்டுக் காரில் வலப்பக்கம் எவருக்கும் தூரம்தான்,
அதில் அதிசயமில்லை.
ஆனால் முதலாவதில் துரு பூத்திருந்தது.
இரண்டாவதன் மேல் நகப்பூச்சுப் போல்
கவனமாய் நிறம் தடவியிருந்தது.
மூன்றும் நாலும் அடுத்தடுத்து.
ஐந்தாவது புத்தம் புதிது, உலோகம் வெளிறி,
மேலே, டேப் சுற்றிய கண்ணாடிக் காது.
பதினாறு வருடமாய்
புண்களின் வயதைப் பார்த்துச் சொல்கிறவள் நான்.

அவருக்கு வலப்புறம் நின்று நான் ஏதோ கேட்டபோது
முகத்தை அல்ல, முழு உடம்பையும் திருப்பினார்.
மேலே, சமையலறையில்,
அவர் வைத்த கோப்பை
மேசை விளிம்பில் பாதிதான் நின்றது.
பிடித்துக்கொண்டேன்.

"கீறல்களுக்கு முன்னூறு குறையுங்கள்."
"தூண்," என்றார், "கடைத்தொகுதிக் கராஜில்
அந்தத் தூண் கிட்ட வந்துவிட்டது."
சிரித்தார். நானும்.
முன்னூறுக்கு உடனே சரி என்றார்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
பேரமென்றால் இரு பக்கமும் கொஞ்சம் நோக வேண்டும்.
ஒன்பதாம் இலக்க டிராம் வாசலிலேயே நிற்கும் என்றார்,
நான் கேட்காமலே.

ஒப்பந்தத் தாளையும் பேனாவையும்
அவருக்கு இடப்பக்கமாய் நகர்த்தி வைத்தேன்,
வேலையில் செய்வதுபோல், யோசிக்காமல்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கன நேரம்.
பிறகு குனிந்து
விலையில் இன்னும் ஐம்பதை வெட்டி எழுதினார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.