அ, ஆ, இ

கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை,
பக்கம் ஒரு ரூபாய்.
ஐந்து வருடத்துப் பழைய கேள்விகள்
ஒரே பின்னில் குத்தப்பட்டு என் மடியில்.

எல்லாக் கேள்வியிலும் அ இருக்கிறார்.
அ-வின் நாய் ஆ-வைக் கடிக்கிறது.
அ எழுப்பிய சுவர் ஆ-வின் தோட்டத்தில் சரிகிறது.
அ-வைப் பற்றி ஆ அவதூறு சொல்கிறார்,
ஜன்னலோரம் போன இ கேட்டுவிடுகிறார்.
ஈ வரை வருவது அபூர்வம்.
ஔ-வுக்கு இதுவரை
எவரும் ஒரு தீங்கும் செய்ததில்லை.

நாளை காலை பத்து மணி, தீங்கியல் சட்டம்.
மொட்டை மாடியில் சவுடேஸ்வரி
வழக்குப் பெயர்களை உரக்கச் சொல்லி நடக்கிறாள்.
மறந்துபோகிற இடத்தில் மட்டும்
கன்னடத்தில் தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.
தர்மபுரி முழுக்கக் கரண்ட் இருக்கிறது,
எங்கள் தெருவில் இல்லை.
போன் வெளிச்சத்தில் பதினான்காம் கேள்வி:

*ஆ என்பவர் அ-வின் லாரி டிரைவர்.
சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்
சொந்த வேலையாக விலகிச் செல்கிறார்.
அங்கே இ மீது மோதுகிறார்.
இ-க்கு அ பொறுப்பாவாரா? விளக்குக.
பத்து மதிப்பெண்.*

விளக்குகிறேன்.
அ-வுக்கு நாமக்கல்லில் நாலு லாரி.
இ-யின் பெயர் மாரக்கா,
பாலக்கோடு மார்க்கெட்டில் எடுத்த தக்காளியை
நாலு ரோட்டில் தள்ளுவண்டியில் விற்பவர்.
மூன்று கிரேடு நசுங்கியது,
இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
ஆ என் அப்பா.

சொந்த வேலை என்பது
ஆயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்,
பழைய பேப்பரில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு.
தேர்வுக் கட்டணத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.
எனக்கு ஜிபே இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை.
இதை எதிர்வாதமாக
எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

சிறிய விலகல் என்றால் முதலாளி பொறுப்பு.
தன் போக்கிலேயே போயிருந்தால்
ஓட்டியவனே பொறுப்பு.
பைபாஸிலிருந்து என் அறை வாசல் வரை
மேப்பில் அளந்து பார்த்தேன்:
இரண்டு புள்ளி ஏழு கிலோமீட்டர்.
சிறியதா பெரியதா?
புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்,
கிலோமீட்டர் கணக்கு எங்கும் இல்லை.
மேடமிடம் கேட்டதற்கு
"அது சங்கதிகளைப் பொறுத்தது" என்றார்.
சங்கதி எனக்குத் தெரியும் மேடம்.

அ போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.
மாதம் இரண்டாயிரம் பிடித்தம்,
மாரக்காவின் கணக்குத் தீரும்வரை.
அப்பா மேல்முறையீடு செய்யவில்லை.

ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்,
தொப்பூர் இறங்குமுன் டீக்கு நிறுத்தியிருக்கிறாராம்.
நாளைக்கு என்ன பாடம்?
லாரி பாடம்ப்பா.
அதுல படிக்க என்னம்மா இருக்குது,
முன்னால போறதுக்கு அஞ்சு கியரு,
பின்னால வர்றதுக்கு ஒண்ணு.
பின்னணியில் யாரோ டம்ளர் கழுவினார்கள்.
வைத்துவிட்டார்.

சவுடேஸ்வரி இறங்கி வந்தாள்.
அ பொறுப்பு என்று எழுதினாலும் பத்து மார்க்காம்,
அ பொறுப்பல்ல என்று எழுதினாலும் பத்தாம்,
கேஸ் பெயர் தப்பில்லாமல் இருந்தால் போதுமாம்.
நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை மாரக்காவுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள்.
அன்று எனக்கு ஒப்பந்தச் சட்டம்.

ஆ யாருக்காக வழி விலகினார்?
அதைக் கேள்வித்தாள் கேட்கவில்லை.
அவளுக்கென்று ஓர் எழுத்தும் ஒதுக்கவில்லை.
அ, ஆ, இ, ஈ
அதற்கடுத்ததை விடைத்தாளின் தலையில்
போடக் கூடாதென்று
ஹால் டிக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருக்கிறார்கள்.

இது ரஃப் தாள்தான்.
உ போட்டு
முதல் வரியைத் தொடங்குகிறேன்:
பணியின் போக்கில் என்பதன் பொருள்