தண்டவாளத்தில் மணல்

தொலைந்த கையுறையைத் தேடி
ரேடியேட்டருக்குப் பின்னால் கை விட்டேன்.
பதினொரு சாக்லேட் உறைகள் வந்தன,
இனிப்புப் பால் டின் ஒன்று,
வெறும் கையால் திறந்திருக்கிறான்,
விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

முதலில் திட்டினேன்.
அப்புறம் சமையலறைக்குப் பூட்டு.
சாவியைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு
வூட்ஜ் நகரம் முழுக்க டிராம் ஓட்டினேன்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது தொடையில் குத்தியது.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேனே என்று
ஒருநாள் கத்தியும் விட்டேன்.
டோபியாஷுக்குப் பதினேழு வயது.
"எனக்குக் கட்டத் தெரியலம்மா," என்றான்.
"முடிச்சு எங்க இருக்குன்னே தெரியல."

மருத்துவருக்கு என் வயதில் பாதிதான்.
பூட்டை எடுங்கள் என்றாள்.
மூன்று வேளையும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்,
எடைப் பேச்சே வேண்டாம் என்றாள்.
எடை மெஷினைப் பால்கனியில் வைத்தேன்.
இரவெல்லாம் அதன்மேல் பனி பெய்து
காலையில் இரண்டு கிலோ காட்டியது.

இரவு இரண்டேகால்.
குளிர்பெட்டி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து
உறைந்த பியரோகிகளை வேகவைக்காமலே
கடித்துக்கொண்டிருந்தான்.
பல்லில் ஐஸ் நொறுங்கும் சத்தம்.
"பாக்காத," என்றான்.
போய்விடு என்று சொல்லவில்லை.
அந்த இரண்டுக்கும் நடுவே
ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தேன்.
அவன் மெல்லுவது என் தண்டுவடத்தில் கேட்டது.
எனக்குப் பேசத் தெரிந்ததைப் பேசினேன்.
"அக்டோபர்ல இலை விழும்.
சக்கரத்துல அரைபட்டு
தண்டவாளம் சோப்பு மாதிரி ஆயிடும்.
பிரேக் போட்டாலும் வண்டி போய்க்கிட்டே இருக்கும்.
மொத வருஷம் ரொட்டி வேன் ஒண்ணை இடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா
சக்கரத்துக்கு முன்னால மணல் கொட்டும்."

"ஒடனே நிக்குமா?"

"நிக்காது. கொஞ்ச தூரம் போய்த்தான்."

மெல்லும் சத்தம் நின்றது.
மறுபடி தொடங்கியது.
மறுபடி நின்றது.

பாக்கெட்டில் ஏழு மிச்சம்.
தண்ணீர் கொதிக்கவைத்தேன்.
அவனுக்கு நாலு, எனக்கு மூணு,
மேசையில், தட்டில், முள்கரண்டியோடு.
மூன்றரைக்கு நான் டெப்போவுக்குக் கிளம்ப வேண்டும்.
இது ராத்திரிச் சாப்பாடா காலைச் சாப்பாடா என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் சாக்லேட் உறைகள், ஆறு.
இம்முறை குப்பைக்கூடையில்,
எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் பார்க்கும்படி.
முட்டை ஓட்டை அதன்மேல் போடப் போனவள்
கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கையுறை இன்னும் கிடைக்கவில்லை.